எங்கள் பிள்ளைகளின் பதிவுகளைப் பாதியில் கைவிடாதீர்கள்

கருவிலிருக்கும் குழந்தைகளின் புலனறிவையும் மூளைச் செயல்பாட்டையும் அளக்கும் ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் குழுவுக்கும், அதன் நெறிமுறைக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

போன மாதம் உங்களிடமிருந்து வந்த கடிதம் மொத்தம் நான்கு வரி. பிறப்புக்கு முந்தைய அளவீடுகள் முடிந்துவிட்டன. இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் நடப்பதாக இருந்த பரிசோதனைகள் கைவிடப்படுகின்றன. பதிவுகள், வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் அழிக்கப்படும். பங்கேற்புக்கு நன்றி. என் மகனுக்கு அடுத்த மாதம் இரண்டு வயது நிறைகிறது. அந்த முதல் பரிசோதனைக்காக நாங்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் இந்த ஆய்வு எதற்காக என்று கேட்டால், உங்கள் கோப்புகளில் இருப்பதைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

என் மூத்த மகள் 27 வாரத்தில் பிறந்தாள். 71 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அந்த நாட்களில் எனக்கு மிகவும் பழகிப்போனது அவள் முகம்கூட இல்லை, சத்தம்தான். மானிட்டர் அலாரம், இன்குபேட்டரின் சிறு கதவு மூடும் சத்தம், பக்கத்துப் படுக்கையின் அலாரம், யாரோ எதையோ உலோக மேசையில் வைக்கும் சத்தம். கதவு மூடும் ஒவ்வொரு முறையும் அவள் கைகள் இரண்டும் விரிந்து நடுங்கும். நான் ஒரு செவிலியரிடம் கேட்டேன், "நான் பேசினா இவளுக்குக் கேக்குமா?" அவர், "பேசுங்கம்மா, நல்லா கேக்கும், உங்க குரல் இவளுக்குத் தெரியும்" என்றார். அன்று இரவுப் பணிக்கு வந்தவர், "பேசாதீங்க, தூங்க விடுங்க, இந்த வயசுல எதுவும் புரியாது" என்றார். இரண்டு பேருமே அன்பானவர்கள், அனுபவசாலிகள். இரண்டு பேரும் எதிரெதிராகச் சொன்னார்கள். என் மகள் அந்த நேரத்தில் என் வயிற்றுக்குள் இருந்திருக்க வேண்டியவள். வயிற்றுக்குள் இருந்திருந்தால் அவளுக்கு என்ன கேட்டிருக்கும், எது கேட்காமல் தடுக்கப்பட்டிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். பல பத்தாண்டுகளாகப் பலர் இந்தக் கேள்வியோடு மல்லாடியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. 1925-லேயே ஆல்பிரெக்ட் பைப்பர் என்ற ஜெர்மன் குழந்தை மருத்துவர், கர்ப்பிணியின் வயிற்றருகே கார் ஹாரனை ஒலித்து, உள்ளே குழந்தை அசைவதைப் பதிவு செய்திருக்கிறார். 1994-ல் பீட்டர் ஹெப்பர் என்ற உளவியலாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 27 வாரக் கருக்களில் 96 சதவீதம் 250, 500 ஹெர்ட்ஸ் ஒலிகளுக்கு அசைந்தன. 1000, 3000 ஹெர்ட்ஸ் ஒலிகளுக்கு ஒன்றுகூட அசையவில்லை. அதாவது தாழ்ந்த ஒலிகளுக்குத்தான் முதலில் பதில் வருகிறது, உயர்ந்த ஒலிகளுக்குப் பல வாரம் கழித்து. கருப்பையும் அப்படித்தான் வேலை செய்கிறது. தாழ்ந்த ஒலிகளை உள்ளே விடுகிறது, கீச்சென்ற ஒலிகளை மழுக்கிவிடுகிறது. என் மகள் பிறந்தது சரியாக அந்த 27-வது வாரத்தில். அவளைச் சுற்றி நாள் முழுக்க ஒலித்தது கீச்சென்ற அலாரம்.

இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

இரண்டாவது முறை கருவுற்றபோது உங்கள் ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டு நானே தேடி வந்து சேர்ந்தேன். யாரும் என்னை அழைக்கவில்லை, வற்புறுத்தவில்லை. 28, 32, 36 வாரங்களில் மூன்று முறை வந்தேன். கனமான கதவுள்ள, வெளிக் காந்தப்புலம் நுழையாத அறை. வயிறு பொருந்தும்படி குழிந்த கருவியின்மேல் முன்பக்கமாகச் சாய்ந்து அசையாமல் உட்கார வேண்டும். முதுகு வலி உள்ள கர்ப்பிணிக்கு அது எவ்வளவு கடினம் என்பதை உங்களில் அனுபவித்தவர்கள் அறிவார்கள். தலைமுடிக் கிளிப், மோதிரம், உள்ளாடைக் கொக்கி, எல்லா உலோகத்தையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிறகு குழாய் வழியாக ஒரே மாதிரியான சிறு ஒலிகள், நூற்றுக்கணக்கில்.

அங்கே இருந்த இளம் ஆய்வாளர் ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளக்குவார். குழந்தையின் மூளையிலிருந்து வரும் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தில் ஏறக்குறைய நூறு கோடியில் ஒரு பங்கு. என் இதயத் துடிப்பும் குழந்தையின் இதயத் துடிப்பும் அதைவிடப் பல மடங்கு பெரியவை, அவற்றைக் கழித்த பிறகுதான் மூளையின் குறி தெரியும். உணரிகள் வேலை செய்யத் திரவ ஹீலியம் வேண்டும், மைனஸ் 269 டிகிரிக் குளிர். மின்குறிகளை ஏன் அளக்கக் கூடாது என்று கேட்டேன். 1942-லேயே டொனால்ட் லிண்ட்ஸ்லி அதை முயன்றார் என்றும், ஏறக்குறைய 28 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் தோலில் படியும் வெண்ணெய் போன்ற பூச்சு மின்குறிகளைத் தடுத்துவிடுகிறது என்றும், காந்தப்புலத்துக்கு அந்தத் தடை இல்லை என்றும் சொன்னார். அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் 2000-ல் 151 உணரிகளோடு நிறுவிய கருவிதான் இதற்கென்றே கர்ப்பிணிகளுக்காக அமைத்த முதல் கருவி என்றும், அதில் 2002-ல் வயிற்றின்மேல் காட்டிய வெளிச்சத்துக்குக் குழந்தையின் மூளை பதில் சொன்னதைப் பதிவு செய்தார்கள் என்றும் அவர் சொன்னபோது, அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

28 வாரத்தில் பதில் வந்தது. 32-ல் எதுவும் கிடைக்கவில்லை. நான் பயந்துபோய்க் கேட்டேன். "குழந்தைக்குக் கேக்கலைனு அர்த்தமில்லம்மா, எங்களால புடிக்க முடியலைனுதான் அர்த்தம். தூங்கியிருக்கலாம், தலை தள்ளி இருந்திருக்கலாம்" என்றார். 36-ல் மறுபடி கிடைத்தது. இந்த முறை ஒலிக்குப் பிறகு பதில் வர எடுத்த நேரம் குறைந்திருந்தது. வளர வளர அப்படித்தான் குறையும் என்றார். திரையில் ஒரு சிறு மேடு. அவ்வளவுதான். ஆனால் பிறக்காத என் பிள்ளை ஒரு சத்தத்தைக் கேட்டு அவன் மூளை அதற்குப் பதில் சொன்ன தடம் அது.

அந்த மேட்டைத்தான் அழிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் தொலைபேசியில் கேட்டபோது உங்கள் அலுவலகம் சொன்னது. பங்கேற்ற தாய்மார்கள் குறைவு. பல அமர்வுகளில் குறி கிடைக்கவில்லை. ஹீலியத்துக்கு ஆகும் செலவு அதிகம். ஆகவே தொடர் பரிசோதனைக்குச் செலவிடுவது நியாயமில்லை.

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். ஹீலியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். இரண்டு வயதுக் குழந்தையைப் பரிசோதிக்க ஹீலியம் வேண்டாம். ஒரு அறை, பயிற்சி பெற்ற ஒருவர், சில விளையாட்டுச் சாமான்கள், ஒரு காது கேட்கும் பரிசோதனை, ஒரு மணி நேரம். அதிகச் செலவு பிடித்த பகுதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. விதைத்து, நீர் பாய்ச்சி, களையெடுத்துவிட்டு அறுவடைக்கு மட்டும் ஆளில்லை என்கிறீர்கள்.

எண்ணிக்கை குறைவு என்பது. இந்தத் துறையில் எண்ணிக்கை என்றைக்கு அதிகமாக இருந்தது? மோரியா தாமசன் குழுவினர் 2013-ல் கருவிலிருக்கும் குழந்தையின் மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதை எம்.ஆர்.ஐ. மூலம் காட்டியது 25 கருக்களில். அமீர் லஹாவ் குழுவினர் 2015-ல் தாயின் குரலையும் இதயத் துடிப்பையும் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்குபேட்டரில் ஒலிக்கச் செய்து ஆராய்ந்தது 40 குழந்தைகளிடம். அந்த ஒலிகளைக் கேட்ட குழந்தைகளின் மூளையில் கேட்டலுக்கான பகுதி மற்றவர்களைவிடத் தடித்திருந்தது. என் மகள் இன்குபேட்டரில் கிடந்தபோது எனக்குத் தேவைப்பட்ட பதிலின் ஒரு துண்டு அது. 40 குழந்தைகள்தானே என்று அதைத் தூக்கிப் போட்டிருந்தால்? கர்ப்பிணிகள் ஆய்வுக்கு எளிதில் வருவதில்லை, வந்தவர்களும் எல்லா முறையும் வர முடிவதில்லை. எண்ணிக்கை குறைவாக இருப்பதாலேயே ஒவ்வொரு பதிவையும் பத்திரமாக வைக்க வேண்டும்.

இனி முக்கியமானதுக்கு வருகிறேன். பிறப்புக்கு முன் எடுத்த அளவீடு, அந்தக் குழந்தை பிறகு எப்படி வளர்ந்தது என்று தெரியாமல் எதற்கு உதவும்? தாமசன் குழுவினர் 2017-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் 32 கருக்களின் மூளையைப் படம் எடுத்திருந்தார்கள். அவற்றில் பின்னால் குறைமாதத்தில் பிறந்தவற்றுக்கு, பிறப்பதற்கு முன்பே, மூளையின் இடப்பக்கத்தில் பின்னாளில் மொழிக்குப் பயன்படும் ஒரு பகுதியில் இணைப்புகள் வலுக்குறைவாக இருந்தன. இதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், படம் எடுத்ததோடு நிறுத்தாமல், யார் எப்போது பிறந்தார்கள் என்று கேட்டார்கள். என்னைப் போன்ற தாய்க்கு அந்தக் கண்டுபிடிப்பின் கனம் வேறு. குறைமாதக் குழந்தைக்குப் பேச்சு தாமதமானால் எல்லோரும் இன்குபேட்டரைக் கைகாட்டுவார்கள், சிலர் தாயைக் கைகாட்டுவார்கள். என் மகள் இரண்டரை வயதுவரை மூன்று சொல்தான் பேசினாள். அது பிறந்த பிறகு வந்ததா, பிறப்பதற்கு முன்பே தொடங்கியதா என்று தெரிந்தால் எத்தனை தாய்மார்களின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் ஆய்வில் சேர்ந்த பலர் என்னைப் போலவே முன்பு குறைமாதப் பிரசவத்தைச் சந்தித்தவர்கள். காத்திருப்பு அறையில் நாங்கள் பேசிக்கொண்டது அதைத்தான். சிலருக்கு அடுத்த குழந்தையும் சீக்கிரம் பிறந்தது. என் மகன் 38 வாரம் இருந்தான். இப்படி இரண்டு வகைக் குழந்தைகளின் கருப்பை நாட்களின் பதிவுகளும் உங்களிடம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இப்போது அந்தக் குழந்தைகள் பேசத் தொடங்குகிறார்கள், ஓடுகிறார்கள், அல்லது பேசவில்லை, ஓடவில்லை. இந்த நேரத்தில்தான் கேள்வி கேட்பதை நிறுத்துகிறீர்கள்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2020-ல் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள். பத்தில் ஒன்று. இவர்கள் ஒவ்வொருவரும் கருப்பையில் இருக்க வேண்டிய வாரங்களை ஒரு அறையில் கழிக்கிறார்கள். அந்த அறையின் ஒலியும் ஒளியும் தொடுதலும் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய, கருப்பைக்குள் அதே வாரத்தில் மூளை என்ன செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997-லேயே தீவிர சிகிச்சைப் பிரிவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்றது. என் மகள் இருந்த அறையில் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டாலே அது தாண்டியிருக்கும்.

தெரியாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு மருத்துவத்திலேயே உதாரணம் இருக்கிறது. பச்சிளங் குழந்தைக்கு வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்று நம்பி, 1980-கள் வரைகூடப் போதிய மயக்க மருந்தோ வலி மருந்தோ இல்லாமல் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். 1987-ல் ஆனந்த், ஹிக்கி என்ற இரு மருத்துவர்கள் சான்றுகளைத் திரட்டி வைத்த பிறகுதான் அந்தப் பழக்கம் மாறத் தொடங்கியது. அந்தக் குழந்தைகள் அழுதுகொண்டுதான் இருந்தார்கள். அளந்து காட்ட ஆள் வரும்வரை அந்த அழுகையை யாரும் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் வாயை மூடிக்கொண்டால் அந்த இடம் காலியாக இருக்காது, விற்பவர்கள் வந்து நிரப்பிவிடுவார்கள். கர்ப்பிணி ஒருத்தி தன் போனைத் திறந்தால் வயிற்றில் கட்டும் ஸ்பீக்கர், பிள்ளையை வயிற்றிலேயே அறிவாளியாக்கும் வகுப்பு, வீட்டிலேயே இதயத் துடிப்பு கேட்கும் டாப்ளர் என்று விளம்பரம் கொட்டுகிறது. அவர்கள் பொய்யை மட்டும் சொன்னால் எளிதில் மறுக்கலாம். உண்மையான ஆய்வை எடுத்துத்தான் வளைக்கிறார்கள். 1986-ல் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் இருவரும் கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரம் தாய்மார்களை ஒரு கதையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். பிறந்த குழந்தைகள் அதே கதையைக் கேட்பதற்காகச் சூப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டன. வாசித்தது தாயின் சாதாரணக் குரல், ஸ்பீக்கர் எதுவும் இல்லை. 2017-ல் வின்சென்ட் ரீட் குழுவினர் மூன்று ஒளிப் புள்ளிகளை வயிற்றின் வழியே காட்டி, முகம்போல் அமைந்த புள்ளிகளின் பக்கம் கரு அதிகம் தலை திருப்புவதைக் கண்டார்கள். ஆனால் வீட்டில் யாரும் வயிற்றில் விளக்கு அடிக்க வேண்டாம் என்று ரீட் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014-ல், மருத்துவத் தேவையில்லாமல் நினைவுக்காக ஸ்கேன் எடுப்பதையும் வீட்டு டாப்ளரையும் தவிர்க்கச் சொன்னது. அதுவும் தாய்மார்கள் காதுக்கு வந்து சேரவில்லை.

என் தங்கை இப்போது ஏழு மாதம். ஸ்பீக்கர் வாங்கலாமா என்று என்னைக் கேட்டாள். "வேண்டாம், நீ பேசு, அது போதும்" என்றேன். மூன்று முறை அந்தக் கருவியில் உட்கார்ந்து வந்த நான் அவளுக்குக் காட்ட என்னிடம் ஒரு பக்கத் தாள்கூட இல்லை. எங்கள் பிள்ளைகளை வைத்து நீங்கள் கண்டதை எங்களுக்கே சொல்லவில்லை. சம்மதப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், "ஆய்வின் முடிவுகள் பங்கேற்பாளர்களுக்கு எளிய மொழியில் தெரிவிக்கப்படும்" என்று இருக்கிறது. என் பிரதி என்னிடம் இருக்கிறது. அதே படிவத்தில் இரண்டு வயது, ஐந்து வயதுப் பரிசோதனைகளும் இருக்கின்றன. நான் கையெழுத்திட்டது முழுப் படிவத்துக்கு. எந்த நேரமும் விலகலாம் என்ற உரிமை எனக்கு இருந்தது. உங்களுக்கும் சூழ்நிலை மாறலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களைக் கேட்காமலே முடிவெடுத்து, நான்கு வரியில் தெரிவித்தது சரியில்லை.

நான் கேட்பவை இவை.

இரண்டு வயதுப் பரிசோதனையை நடத்துங்கள். எல்லாக் குடும்பங்களுக்கும் முடியாவிட்டால், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் அவர்களோடு ஒப்பிடத் தேவையானவர்களுக்கும் முதலில் நடத்துங்கள். உங்களால் முடியவே முடியாது என்றால் வேறொரு ஆய்வுக் குழுவிடம் ஒப்படையுங்கள், எங்கள் சம்மதத்தைப் புதிதாகக் கேட்டு. நான் அன்றே கையெழுத்திடுவேன். ஐந்து வயதுப் பரிசோதனைக்கு இன்னும் காலம் இருக்கிறது, அதை இப்போதே ரத்து செய்ய வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

பதிவுகளை அழிக்கும் முடிவை உடனே நிறுத்திவையுங்கள். குறி கிடைக்காத அமர்வுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், என் 32-வது வாரத்தையும் சேர்த்து. எத்தனை முறை கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்பது அடுத்த கருவியைச் செய்பவருக்குத் தேவை. ஹீலியம் வேண்டாத, வயிற்றோடு ஒட்டி வைக்கக்கூடிய புதிய உணரிகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைச் சோதிப்பவர்கள் பழைய பதிவுகளோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். லண்டனைச் சேர்ந்த மூளை இணைப்பு வரைபடத் திட்டம் கருவிலிருக்கும் குழந்தைகள், பிறந்த குழந்தைகளின் படங்களை, அடையாளம் நீக்கி, உலக ஆய்வாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வழி உங்களுக்கும் இருக்கிறது. விருப்பமில்லாத பெற்றோர் விலகிக்கொள்ளட்டும். ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இதுவரை கண்டதையும் காணாததையும் எளிய மொழியில் எழுதி ஒவ்வொரு குடும்பத்துக்கும் அனுப்புங்கள். "எங்களுக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை" என்பதும் எங்களுக்கு விடைதான். அதோடு, எந்தச் சாதனத்தையும் வகுப்பையும் இந்த ஆய்வு பரிந்துரைக்கவில்லை என்று ஒரு வரியும் அதில் இருக்கட்டும்.

கடைசியாக, இனி இப்படிப்பட்ட முடிவு எடுக்கும்போது குறைமாதக் குழந்தையைப் பெற்ற ஒரு பெற்றோராவது உங்கள் மேசையில் இருக்க வேண்டும், வாக்குரிமையோடு.

என் மகனின் பிறந்தநாளுக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். பரிசோதனைக்கு நீங்கள் எந்த நாளைச் சொன்னாலும் அவனை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மூத்த மகளை 27 வாரத்தில் பெற்று, இளைய மகனோடு உங்கள் ஆய்வில் பங்கேற்ற ஒரு தாய்